குறையாத ஊதுபத்தி

அன்றைக்கு ஸ்டூடியோவில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். புட்டசாமி சார், சேனல் அவருடையது. வனஜா மேடம், நிகழ்ச்சி நடத்துபவர். யூசுப், கேமரா. ஊதுபத்திக் கம்பெனி முதலாளி. அவருடைய மேனேஜர் ராமண்ணா. நான், லைட். அப்புறம் ஒரு ஸ்டூல். ஸ்டூலை ஏன் சேர்த்தேன் என்று போகப் போகத் தெரியும்.

நான் நாலாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. போன மாதம் டிவியில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. நடுவில் பம்பை எடுத்து வாயில் வைத்து இழுத்தது. பம்பு என்றால் ஆஸ்துமாக்காரர்கள் அழுத்தி இழுக்கிற மருந்து. "மன்னிக்கணும்" என்றது. மேலே வாசித்தது. பக்கத்தில் இருந்த என் மருமகன் கையில் இருந்த வடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவனும் டிவி வேலைதான், பெங்களூரில்.

"இதுக்கு ஏன் மாமா எந்திரிச்சு நிக்கறீங்க?" என்றான்.

சொன்னேன். எழுதுங்கள் என்றான். எழுதுகிறேன்.

என் பேர் மாதையன். ஊர் மார்டள்ளி. அப்பா கட்டட வேலைக்கு மைசூர் வந்தார், நானும் வந்தேன். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் லைட் பிடித்தேன். கை சுட்டது. கற்றுக்கொண்டேன். படிப்பு அவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் புட்டசாமி சார் தன் கேபிளில் சொந்தச் சேனல் ஆரம்பித்தார். லைட் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்.

ஸ்டூடியோ என்றால் மாவு மில்லுக்கு மேலே ஒரு ரூம். ஒரு மேஜை, ஒரு கருப்புத் திரை, ஒரு கேமரா. கீழே ராகி அரைத்தால் மேலே எல்லோரும் கொஞ்சம் வெளுப்போம். ஆறரை மணிக்கு மட்டும் மில்லை அரை மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். அதற்கு மில்காரருக்கு வாரம் ஒரு பிறந்தநாள் வாழ்த்து டிவியில் சொல்ல வேண்டும். அவருக்குச் சொந்தக்காரர்கள் அதிகம்.

புட்டசாமி சார் பெரிய உருவம். படியேறி வந்தால் ரூம் சின்னதாகிவிடும். ஆனால் யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. அவர் மேஜை பக்கத்தில் மூணு கால் ஸ்டூல் ஒன்று இருந்தது. எதுவானாலும் அதைப் பார்த்துத்தான் சொல்வார். கன்னடத்தில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஸ்டூலே, ஆறு மணிக்கு வரச் சொன்னா சில பேர் ஆறேகாலுக்கு வர்றாங்க."

லேட்டாக வந்த யூசுப் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்று தலையை ஆட்டுவான். சம்பளம் கூட்டினாலும் அதனிடம்தான். "ஸ்டூலே, மாதையனுக்கு அடுத்த மாசத்துல இருந்து கொஞ்சம் சேர்த்துக் குடு." நான் ஸ்டூலைப் பார்த்துக் கும்பிட்டேன். சார் "பரவால்ல" என்றார். ஒரு தடவை யூசுப் மறதியாக அதில் உட்கார்ந்துவிட்டான். சார் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

நிகழ்ச்சி ஆறரைக்கு. நேரடி. கரண்ட் எங்கே போகும், தண்ணீர் எங்கே வரும், யாருக்குப் பிறந்தநாள், யார் மாடு காணோம். வனஜா மேடம் வாசிப்பார். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். நல்ல குரல். சின்னச் சின்னதாகப் பேசுவார்.

"வணக்கம். நலமா. இன்று வெள்ளி. சிவப்பு மாடு. ஒரு கொம்பு. காணவில்லை."

ஊரே அதை ஸ்டைல் என்றது. காலேஜ் பெண்கள் பஸ்ஸில் அப்படியே பேசினார்கள். அது ஸ்டைல் இல்லை. மேடத்துக்கு மூச்சு அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா.

இது எனக்கும் யூசுப்புக்கும் மட்டும் தெரியும். மேடம் முன்னே ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்தார். ஒரு நாள் கவுண்டரில் இளைப்பு வந்துவிட்டது. சேலை வாங்க வந்த அம்மா ஒட்டிக்குமா என்று கேட்டது. சாயங்காலமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அம்மாவும் இவரும்தான். இந்த வேலையும் போனால் அரிசிக்கும் வழியில்லை, மருந்துக்கும் வழியில்லை. அதனால் சாருக்குத் தெரியக் கூடாது என்றார்.

"சாருக்குத் தெரிஞ்சா ஸ்டூலுக்குச் சொல்லுவார். ஸ்டூலுக்குச் சொன்னா மில்லு வரைக்கும் கேக்கும்" என்றார். நியாயம்தான்.

ஆகவே ஒரு ஏற்பாடு. மேடம் பேனாவை வலது பக்கமிருந்து இடது பக்கம் வைத்தால் இளைப்பு வருகிறது என்று அர்த்தம். நான் ஓர் அட்டையை லென்சுக்கு முன்னால் பிடிப்பேன். அட்டையில் ரோஜாப் பூ. ஊர் ரோஜாவைப் பார்க்கும், மேடம் பம்பை இழுப்பார். முதல் நாள் பம்பு புஸ் என்ற சத்தம் மைக்கில் போய்விட்டது. எங்கேயோ சைக்கிள் டியூப் போயிருச்சு, பாருங்கள் என்று ஒருத்தர் போன் பண்ணினார். மறுநாளிலிருந்து இடது கையில் ரோஜா, வலது கையில் பூஜை மணி. புஸ் வரும்போது மணி அடிப்பேன்.

ரோஜாவும் மணியும் வந்தால் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. விட்டுவிட்டோம்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் சார் சந்தோஷமாக வந்தார்.

"ஸ்டூலே, நமக்கு விளம்பரம் கிடைச்சிருக்கு. முழு நிகழ்ச்சியும் அவங்களே எடுத்துக்கிட்டாங்க."

மைசூரில் யார் எடுப்பார்கள். ஊதுபத்திக் கம்பெனிதான். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் இப்பவும் ஓசி விளம்பரம். ஒரே ஒரு கண்டிஷன். மேடம் முன்னால் மேஜையில் ஊதுபத்தி எரிய வேண்டும். அரை மணி நேரமும். புகை நன்றாகத் தெரிய வேண்டும்.

மேடம் படியிறங்கும்போது என்னை நிறுத்தினார்.

"மாதையண்ணா, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"சொல்லுங்க மேடம்."

"புகை வரணும். பத்தி எரியக் கூடாது."

"சரிங்க."

"எப்படின்னு கேக்க மாட்டீங்களா?"

"நானே யோசிக்கறனுங்க. உங்களக் கேட்டு என்ன பண்ண."

அதைச் செய்த விதம் சொல்கிறேன். மேஜைக்கு அடியில் கரண்ட் அடுப்பு. அதில் மூக்கு வைத்த கெண்டி. மூக்கில் கியாஸ் டியூப், புதுசு. மேஜையில் ஓட்டை போட்டு டியூப்பை மேலே கொண்டுவந்து பூச்சாடிக்குப் பின்னால் விட்டேன். அதற்கு முன்னால் பத்தி ஸ்டாண்டு. பின்னாலிருந்து ஒரு லைட். முன்னாலிருந்து லைட் போட்டால் ஆவி தெரியாது, பின்னாலிருந்து போட்டால் கருப்புத் திரையில் பால் மாதிரி தெரியும். பத்தி நுனியில் ஈரக் குங்குமம் வைத்தேன். நெருப்பு. யூசுப் கேமராவில் பார்த்துவிட்டு "அல்லா" என்றான்.

தண்ணீரில் கொஞ்சம் நீலகிரித் தைலம் விடுங்கள், நெஞ்சுக்கு நல்லது என்றார் மேடம். விட்டேன். ஊர் பார்த்தது ஊதுபத்தி. மேடம் பிடித்தது ஆவி. ஒரு தொல்லை, டியூப் சொட்டும். மேடம் கால் நனையும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நாடு போற்ற உட்கார்ந்திருப்பார்.

கொஞ்ச நாள் கழித்து முதலாளி பார்க்க வந்தார். எழுபது வயது. வெள்ளை வேட்டி, ஜவ்வாதுப் பொட்டு. வாசலிலேயே நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார். ரூம் முழுக்க நீலகிரித் தைலம், ஜலதோஷக்காரன் வீடு மாதிரி.

"ஆஹா" என்றார். "நம்ம சந்தனம்."

கூட வந்த மேனேஜர் ராமண்ணா ஜன்னலைப் பார்த்தார். நானும் யூசுப்பும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். பெரிய மனுஷர், மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. தப்பு எங்கே நடந்தது என்றால், பத்தியை நாங்கள் மாற்றவே இல்லை. எரியவில்லை, எதற்கு மாற்ற. கம்பெனி வாரா வாரம் பாக்கெட் அனுப்பியது, நான் கோயிலுக்குக் கொடுத்தேன். மேஜையில் இருந்தது முதல் நாள் வைத்த பத்திதான். லேசாக இடது பக்கம் வளைந்தது. எங்களுக்குக் கண்ணில் படவில்லை.

ஒரு ரிடையர்டு கணக்கு வாத்தியார் கண்ணில் பட்டது. அவர் ஆறரைக்கு டிவி மேல் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார். ஏழு மணிக்கு மறுபடி அளந்திருக்கிறார். பத்தி குறையவில்லை. அடுத்த நாளும் அளந்தார். அதே நீளம், அதே வளைவு. கடைக்குப் போய் அதே பத்தியை வாங்கி வீட்டில் கொளுத்தினார். அரை மணிக்குள் சாம்பல். நேரே கடைக்குப் போய்ச் சண்டை.

"டிவில காட்டறது ஒண்ணு, நீ விக்கறது ஒண்ணா? எனக்கு டிவி பத்தி குடு."

அவர் சொன்னதைக் கேட்டு நாலு பேர் அளந்தார்கள். தேவராஜ மார்க்கெட் பக்கம் கடை கடையாக "டிவி பத்தி இருக்கா" என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர்கள் கம்பெனிக்குப் போன். நல்லதை எல்லாம் டிவிக்கு அனுப்பிவிட்டு எங்களுக்குக் கழிசலைத் தள்ளுகிறீர்களா என்று.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே டிவியில் வருகிறேன், ஜனங்கள் கண் முன்னால் பாக்கெட்டைப் பிரித்து நானே கொளுத்துகிறேன், அரை மணியும் எரியட்டும், பார்க்கட்டும் என்றார். அந்தப் பெண் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவள் முகத்தைத்தான் ஊர் நம்புகிறது என்றார். இல்லையென்றால் விளம்பரம் ரத்து. விளம்பரம் ரத்தானால் நிகழ்ச்சி ரத்து. நிகழ்ச்சி ரத்தானால் மேடத்துக்கு வேலை இல்லை. உட்கார்ந்தால் மூச்சு இல்லை.

"லீவு போடுங்க மேடம்" என்றான் யூசுப்.

"போட்டா வேற பொண்ண உக்கார வெப்பாங்க. அது அங்கயே உக்காந்துக்கும்."

"சாருகிட்ட சொல்லிப் பாக்கலாமுங்க" என்றேன்.

"என்னன்னு சொல்றது? இத்தனை நாள் முதலாளிக்கு வெந்நீர் காட்டினோம்னா?"

முதலாளி வருகிற நாளும் வந்தது. கெண்டியில் தண்ணீர் ஊற்றினேன். பத்திப் புகையோடு கொஞ்சம் ஆவியும் போனால் நல்லதுதானே என்று அடுப்பையும் போட்டுவிட்டேன். டேபிள் ஃபேனை முதலாளி பக்கம் திருப்பி வைத்தேன்.

ஆறேகாலுக்கு சார் ஸ்டூலிடம் பேசினார். மெதுவாக.

"ஸ்டூலே, இந்த ரூம்ல ஒரு நாளும் பத்தி வாசனை வந்ததில்ல. நீயும் கேக்கல, நானும் கேக்கல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறரை. மேடம் ஆரம்பித்தார். "வணக்கம். நலமா. இன்று ஒரு விருந்தாளி."

முதலாளி கைகூப்பினார். பத்தி இன்னும் கொளுத்தவில்லை. "இந்த ரூமுக்குள்ள காலை வெச்சதுமே மல்லிகை வாசனை. நம்ம புது மல்லிகைப் பத்தி இங்க தினமும் எரியுதில்ல, அந்த வாசனை சுவத்துலயே ஊறிப் போச்சு" என்றார். கேமராவுக்குப் பின்னால் ராமண்ணா நெற்றியில் கை வைத்தார்.

முதலாளி முதலில் ஃபேனை நிறுத்தினார், புகை நேராகப் போக வேண்டுமாம். பாக்கெட்டைப் பிரித்தார். கொளுத்தினார். மல்லிகை என்றால் அப்படி ஒரு மல்லிகை. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

மேடம் கரண்ட் போகிற ஏரியாக்களை வாசித்தார். வாக்கியம் சின்னதானது. அப்புறம் வார்த்தை வார்த்தையாக வந்தது. பேனா இடது பக்கம் போனது. ரோஜா, மணி. புஸ். அட்டையை எடுத்தேன். மேடம் சிரித்தார். நாலு பேர் வீட்டில் தண்ணீர் வராது என்றார். மறுபடி பேனா போனது. மறுபடி ரோஜா, மணி.

முதலாளி எழுந்து வந்து அட்டையை எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, என் காசுல பூவைக் காட்டறே? பத்தியைக் காட்டு." அட்டையைத் தட்டிவிட்டார்.

ரோஜா கீழே விழுந்தது. மைசூர் முழுக்க மேடத்தைப் பார்த்தது. வாயில் பம்பு. தோள் ரெண்டும் காதுவரை ஏறியிருந்தது. என் வலது கை மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யூசுப் காலால் உதைத்தான். நிறுத்தினேன்.

அந்த நேரம் பார்த்துக் கெண்டி நன்றாகக் கொதித்தது. பூச்சாடிக்குப் பின்னாலிருந்து ஆவி எழும்பியது. டிவியில் ஒரு பத்தி, ரெண்டு புகை.

"அது என்ன ரெண்டாவது புகை?" என்றார் முதலாளி.

மேடம் பம்பை மேஜை மேல் வைத்தார். மறைக்கவில்லை.

"வெந்நீர் சார். எனக்கு ஆஸ்துமா. புகை ஆகாது. இத்தனை நாளும். வெந்நீர்தான்."

"பத்தி?"

"எரியல சார்."

"நான் மோந்தேனேம்மா. சந்தனம். இப்ப மல்லிகை."

"நீலகிரித் தைலம் சார்."

மேடம் மூச்சு மட்டும் மைக்கில் கேட்டது, விசில் மாதிரி. அப்போது லைட்டில் ஒரு நிழல் விழுந்தது. புட்டசாமி சார். எழுந்து வந்து கேமரா முன்னாலேயே நின்றார். முதுகு பாதி டிவியை அடைத்தது. எரிகிற பத்தியை ரெண்டு விரலால் நசுக்கினார். கை சுட்டிருக்கும். முகம் மாறவில்லை. மேடத்தை நேராகப் பார்த்தார். முகத்தைப் பார்த்து அவர் பேசி அன்றைக்குத்தான் கண்டேன்.

"நீ மூச்சு விடும்மா" என்றார். "வேலை எங்கயும் போகாது."

அப்புறம் திரும்பினார். "ஸ்டூலே, ஜன்னலைத் திற. முதலாளிக்கு ஒரு காபி."

நான் திறந்தேன். முதலாளி அணைந்த பத்தியை எடுத்து மூக்குக்குக் கீழே பிடித்தார். கீழே வைத்தார்.

"எனக்கு மூக்கு போய் பல வருஷம் ஆச்சு" என்றார். "சென்ட்டுலயே கிடந்து கிடந்து செத்துப் போச்சு. சந்தனமா சாணியான்னு தெரியாது. இந்த ராமண்ணாதான் மோந்து காதுல சொல்லுவான்."

"சார்" என்றார் ராமண்ணா. "மைக் ஆன்ல இருக்கு."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

நேரம் மீதி இருந்தது. மேடம் பிறந்தநாள்களை வாசித்தார். மில்காரர் கணக்கில் அன்று அவர் மச்சினனுக்கு வாழ்த்து.

மறுநாள் மேடம் தன் சாமான்களை எடுத்துப் போக ஒரு பையோடு வந்தார். சார் சொன்னதை அவர் நம்பவில்லை. சார் சொல்லலாம், காசு முதலாளியுடையது. ஆனால் படியேற முடியவில்லை. மில் வாசலில் கூட்டம். தூதுவளை, ஆடாதோடை, இஞ்சிச்சாறு, கஷாயம், மீன் எண்ணெய். கணக்கு வாத்தியார் ஒரு டப்பா சூரணம் கொண்டுவந்திருந்தார், அளவுக் கரண்டியோடு. ஒருத்தர் கழுதையையே ஓட்டி வந்துவிட்டார். பால் கறந்த சூட்டோடு குடிக்க வேண்டுமாம். யாரும் ஒட்டிக்குமா என்று கேட்கவில்லை. கழுதை மாவு மில்லுக்குள் போய்விட்டது, அது வேறு கதை.

முதலாளி சாயங்காலம் வந்தார். வாசலில் நின்று மூச்சை இழுக்கவில்லை. நேரே உட்கார்ந்தார்.

"ராத்திரி முழுக்க போன். உங்க மூக்குக்கு இதைப் போடுங்க, அதைப் போடுங்கன்னு. ஒருத்தரும் பத்தி வேண்டாம்னு சொல்லல" என்றார். மேடத்தைப் பார்த்தார். "எனக்கு மூக்கு இல்ல. உனக்கு நெஞ்சு இல்ல. நல்ல கம்பெனி. மேஜை மேல பத்தி இருக்கட்டும், கொளுத்த வேண்டாம். வீட்ல கொளுத்துங்கன்னு சொல்லு, போதும்."

மேடம் பையைக் கீழே வைத்தார்.

"ஸ்டூலே" என்றார் புட்டசாமி சார், "ஆறேகால் ஆச்சு."

அதற்கப்புறம் மேடம் பம்பை மேஜை மேலேயே வைத்துக்கொண்டார். ரோஜாவும் மணியும் தேவையில்லை என்று நிறுத்தினோம். ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. மணி இல்லாமல் எப்போது கும்பிடுவது என்று ஜனங்கள் போன் போட்டார்கள். மறுபடி பிடித்தேன், அடித்தேன். ரோஜா நேரத்தில் மேடம் சும்மா உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொள்வார். கெண்டியை அவர் விடவில்லை.

இளைப்பு போகவில்லை. குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் படுப்பார், எழுந்து வருவார். வந்தால் நாற்காலி அப்படியே இருக்கும். வேறு ஆளை சார் உட்கார வைக்கவில்லை. அந்த நாட்களில் மேடம் வரும் வரை ரோஜாவைக் காட்டினோம். அரை மணியும் ரோஜா. கை வலிக்கும். சேனலை மூடுகிற வரைக்கும் அவர்தான். இப்பவும் தீபாவளிக்குப் போன் பண்ணுவார். சின்னச் சின்னதாகத்தான் பேசுவார்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மருமகன் ஒரு கேள்வி கேட்டான். அத்தனை வருஷம் ஊதுபத்தி நிகழ்ச்சி நடத்தினீர்களே மாமா, அந்த மேஜையில் மொத்தம் எத்தனை பத்தி எரிந்தது என்று.

யோசித்துச் சொன்னேன்.

அரை.